குதிரையை ஓட்டினால் 2 டாலர் அபராதம் (பகுதி 2)

சென்ற இதழில் மாசசூசெட்ஸ் எல்லையோடு நிறுத்தியிருந்தேன். 91-ஆம் நெடுஞ்சாலையில் எல்லை தாண்டி வெர்மான்ட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் பெரிய ஊர் பிராட்டில்பரோ. அக்டோபர் இரண்டாம் வாரம். நியூ இங்கிலாந்தே வண்டி கட்டிக்கொண்டு இலை பார்க்கக் கிளம்பும் நேரம் அது. விடுதி வாடகை எகிறிவிடும். ஆப்பிள் சாறு ஊற்றிப் பிசைந்த டோநட்டுக்கு வரிசை நிற்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால் சர்க்கரை மேப்பிள் இலையில் பச்சையம் வடிந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே வரும். சிவப்பை மட்டும் இலை அந்த நாட்களில் புதிதாகத் தயாரித்துக்கொள்கிறது. ஆனால் எங்கள் கணக்கு வேறு. இந்த மாநிலத்தில் மரத்தால் கட்டி, மேலே கூரை போட்ட பழைய பாலங்கள் ஏறத்தாழ நூறு இன்னும் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது பார்த்துவிட்டு, இலையைப் போகிறபோக்கில் பார்த்துக்கொள்வது என்று முடிவு.

பிராட்டில்பரோவில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: வெட்ஸ்டோன் ஓடைமேல் 1879-இல் கட்டிய கிரீமரி பாலம். 80 அடிதான். 2010-இலிருந்து கார்களுக்கு அனுமதி இல்லை. பக்கவாட்டில் 1920-இல் சேர்த்த நடைபாதைக்கும் தனியாக ஒரு சிறு கூரை உண்டு.

பாலத்துக்கு எதற்குக் கூரை? கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீரைக் கண்டு குதிரை மிரளாமல் இருக்க, பனி சேராமல் இருக்க, காதலர்கள் ஒதுங்க. கடைசிக் காரணத்தை வாழ்த்து அட்டைக்காரர்கள் விடுவதாக இல்லை. பனிக் கதையோ தலைகீழானது. குளிர்காலத்தில் சக்கர வண்டியை விட்டுச் சறுக்கு வண்டியில் போன காலம் அது. கூரைக்கடியில் பனி விழாததால் சறுக்கு வண்டி பலகையில் உராய்ந்து நின்றுவிடும். அதனால் ஊர்ப் பணத்தில் ஆள் வைத்து, வெளியிலிருந்து பனியை வாரிப் பாலத்துக்குள் கொட்டிப் பரப்பினார்கள்.

உண்மைக் காரணம் மழை. பாலத்தின் பாரத்தைத் தாங்குவது இருபுறமும் நிற்கும் மரச்சட்டகம். அதன் மூட்டுகளில் ஈரம் இறங்கினால் பத்து இருபது வருடத்தில் உளுத்துப்போகும். மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் அடித்துவிட்டால் நூறு வருடம் தாண்டும். கூரை கெட்டால் கூரையை மாற்றலாம், பலகை கெட்டால் பலகையை மாற்றலாம்; உள்ளே இருக்கும் சட்டகம் தப்பித்துவிடும். அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் என்று சொல்லப்படுவது ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் 1805-இல் திறந்த பாலம். கட்டியவர் டிமதி பால்மர். கூரை போடச் சொன்னவரோ தச்சரல்ல, ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி.

பிராட்டில்பரோவிலிருந்து 30-ஆம் சாலையில் வடக்கே போனால் மேற்கு டம்மர்ஸ்டன். வெஸ்ட் ஆற்றின்மேல் இரண்டு கண் பாலம். கேலப் லாம்சன் 1872-இல் கட்டியது. சுமார் 280 அடி. காரை ஓரங்கட்டிவிட்டு நடந்தே உள்ளே போனோம். வெளியே கண்கூசும் வெயில். உள்ளே கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. பழகியதும் முதலில் தெரிந்தது மர ஆணிகள்தான். இரண்டு பக்கச் சுவரும் மூங்கில் தட்டிபோல, கனத்த பலகைகளைச் சாய்த்துச் சாய்த்துக் குறுக்கே வைத்து முடைந்தவை. பலகையும் பலகையும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் கட்டைவிரலைவிடத் தடித்த மர ஆணிகள். தலை மழுங்கி, கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகி இருக்கின்றன. ஒரு கார் உள்ளே நுழைந்தது. தளப்பலகைகள் வரிசையாகத் தடதடத்தன. சுவரில் கைவைத்துப் பார்த்தேன். அதிர்வு உள்ளங்கைவரை வந்தது.

இந்த முடைவுக்கு ஒரு காப்புரிமைக் கதை உண்டு. கனெக்டிகட்டைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஐதியல் டவுன் 1820-இல் இதற்கு உரிமம் வாங்கினார். பெரிய உத்தரம் வேண்டாம், இரும்பு வேண்டாம், தேர்ந்த தச்சர்கூட வேண்டாம். ஊர் மரமில்லில் அறுத்த ஒரே அளவுப் பலகையும், துளைபோடத் தெரிந்த நாலு ஆளும் போதும். அடிக்கு ஒரு டாலர் கட்டணம். கேட்காமல் கட்டிவிட்டுப் பிடிபட்டால் அடிக்கு இரண்டு டாலர் என்பார்கள். டவுன் தன் கையால் கட்டியதைவிட, பிறர் கட்ட அவர் வசூலித்ததே அதிகம் இருக்கும். என் கணிப்பில் நியூ இங்கிலாந்தின் கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்புகளில் இதற்கு முதல் வரிசை இடம் தரலாம். அரிய திறமை எதையும் எதிர்பார்க்காத முறை என்பதால்தான் ஓடைக்கொரு பாலம் முளைத்தது.

அடுத்து 103-ஆம் சாலையை ஒட்டிய பார்ட்டன்ஸ்வில். இங்கே பார்ப்பது பழைய பாலமல்ல. சான்ஃபர்ட் கிரேஞ்சர் 1870-இல் வில்லியம்ஸ் ஆற்றின்மேல் 151 அடியில் ஒரு பாலம் கட்டினார். 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் மழை கொட்டியபோது, கரையோரக் கல்கட்டுக்கு அடியில் இருந்த மண்ணை ஆறு அரித்தது. சட்டகம் உடையவில்லை; நின்ற இடம்தான் போயிற்று. பாலம் மெல்லச் சாய்ந்து, கூரையோடு முழுசாக ஆற்றில் இறங்கிப் போவதை உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. ஊர் கூடி, அதே டவுன் முடைவில், பழையதைவிடச் சற்று நீளமாகப் புதியதைக் கட்டி 2013 ஜனவரியில் திறந்தது. பக்கத்திலேயே கிரேஞ்சர் 1868-இல் கட்டிய வொரல் பாலம் அந்த வெள்ளத்தில் தப்பிவிட்டது.

“அப்ப இது டூப்ளிகேட்தானே?” என்றார் கூட வந்த நண்பர். கட்டுமானப் பொறியாளர், இப்படித்தான் கேட்பார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பலகைக்குப் பலகை மாற்றிக்கொண்டே 150 வருடம் ஓட்டிய பாலத்தில் எத்தனை பலகை முதல் நாள் வைத்தது? ஒரேயடியாக மாற்ற நேர்ந்தது பார்ட்டன்ஸ்வில்லின் துரதிர்ஷ்டம், அவ்வளவே. நண்பர் பதில் சொல்லாமல் கரையில் புதிதாகப் போட்ட கான்கிரீட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மேலே வடக்கே வின்ட்சர். இந்தப் பயணமே இந்தப் பாலத்துக்காகத்தான் என்று சொல்லலாம். கனெக்டிகட் ஆற்றின் இக்கரை வெர்மான்ட்டின் வின்ட்சர், அக்கரை நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ். இதே இடத்தில் 1796-இலிருந்து பாலம் இருக்கிறது. ஆறும் விடாமல் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. 1866 மார்ச் வெள்ளத்தில் மூன்றாவதும் போனது. அதே ஆண்டே ஜேம்ஸ் டாஸ்கரும் பீலா ஃபிளெச்சரும் நான்காவதைக் கட்டி முடித்தார்கள். செலவு 9,000 டாலர். வின்ட்சர் பக்கத்துப் புல்வெளியில் சட்டகத்தை முதலில் தரையிலேயே கோத்துப் பார்த்து, பிறகுதான் ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். டவுனின் முடைவேதான், ஆனால் பலகைக்குப் பதில் சதுரமாகச் செதுக்கிய கனத்த மரங்கள், ஒன்றில் ஒன்று வெட்டுப்போட்டு உட்கார்த்தியவை. நீளம் 449 அடி, நடுவில் ஒரே ஒரு தூண். 2008-இல் ஒஹாயோவில் 613 அடி ஸ்மோலன்-கல்ஃப் பாலம் வரும்வரை நாட்டில் இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டு கண் கூரைப் பாலங்களில் இன்றும் உலகிலேயே நீளமானது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நுழைவாயிலின் மேலே அந்தப் பலகை இருக்கிறது: குதிரையை நடத்திச் செல், இல்லாவிட்டால் 2 டாலர் அபராதம். குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் சட்டகம் ஆடும் என்ற பயம். 2 டாலர் அன்றைக்கு ஒரு தச்சரின் நாள்கூலியை ஒட்டிய பெரும் தொகை. தனியார் நிறுவனத்தின் கையில் இருந்ததை நியூ ஹாம்ப்ஷயர் அரசு 1936-இல் வாங்கியது. 1943 வரை சுங்கம் வசூலித்தது.

இரண்டு மாநிலத்தையும் இணைக்கும் பாலத்தை ஒரு மாநிலம் மட்டும் ஏன் வாங்க வேண்டும்? ஆறு முழுக்க நியூ ஹாம்ப்ஷயருடையது. வெர்மான்ட்டின் எல்லை மேற்குக் கரையில், தண்ணீர் குறைந்திருக்கும் மட்டத்தோடு முடிகிறது என்று உச்ச நீதிமன்றம் 1933-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வின்ட்சர்க்காரர் பாலத்தில் சில எட்டு வைத்ததுமே வெளிமாநிலத்தில் இருப்பார். செலவும் நியூ ஹாம்ப்ஷயர் தலையில்தான். 1987-இல் பாலத்தை மூடி, தளர்ந்த சட்டகத்துக்குத் துணையாக, பலகைகளை ஒட்டி அழுத்திச் செய்த நவீன உத்தரங்களைப் பொருத்தி, 1989-இல் திறந்தபோது கணக்கு 44 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. உள்ளே நின்று பார்த்தால் பழைய மரத்தின் கறுப்பும் புதிய மரத்தின் மஞ்சளும் தனித்தனியே தெரிகின்றன. மறைக்க முயலாததை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து 4-ஆம் சாலை பிடித்து வுட்ஸ்டாக். வழியில் டாஃப்ட்ஸ்வில்லின் சிவப்புப் பாலம், 1836-இல் கட்டியது. ஐரீனில் அடிபட்டு, இரண்டு வருடம் மூடிக்கிடந்து 2013-இல் திறந்தது. பக்கத்து அணையின் இரைச்சலில் பேச்சே கேட்காது. படம் எடுப்பவர்களும் அதிகம், சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

வுட்ஸ்டாக்கின் மிடில் பாலம்தான் நண்பருக்குப் பிடித்தது. ஊர் நடுவே, ஆட்டாக்வீச்சி ஆற்றின்மேல், 1877-ஆம் ஆண்டு இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. அது துருவேறித் தளர்ந்தபோது ஊரார் 1969-இல் அதை எடுத்துவிட்டு மரத்தில் கட்டினார்கள்! நியூ ஹாம்ப்ஷயரின் மில்டன் கிரேட்டன் வந்து, டவுன் முடைவில், மர ஆணி அடித்துக் கோத்தார். ஆற்றின் குறுக்கே அதை இழுத்தவை எருதுகள். சில ஆண்டுகளிலேயே யாரோ தீ வைத்தார்கள், அதையும் சரிசெய்தார்கள். “கிரேன் இருந்த காலத்துல மாட்டை விட்டு இழுத்திருக்காங்க சார்” என்று நண்பர் வாயாரச் சிரித்தார். டூப்ளிகேட் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

நாளைக் காலை வடக்கே, கனடா எல்லையை ஒட்டிய மான்ட்கோமரி. மரமில் வைத்திருந்த ஜூவட் சகோதரர்கள் தங்கள் ஊரைச் சுற்றியே பாலம் பாலமாகக் கட்டித் தள்ளிய இடம். அந்த உயரத்தில் இலை ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதாம். விடுதி வாடகையாவது குறையட்டும்.

(பயணம் தொடரும்)