லோணாவளா லோகல்

புனே விமான் நகர்வாசிகளுக்கு ரயில் என்றால் மும்பை போவதற்கும் சொந்த ஊர் போவதற்கும்தான். புனேயிலும் லோகல் ஓடுகிறது என்றால் "அப்படியா?" என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. 2024 மார்ச்சில் பக்கத்து ராம்வாடி வரை மெட்ரோ வந்த பிறகு லோகலைப் பிடிப்பது சுலபம். புனே ரயில் நிலையத்தில் இறங்கி நடைமேடைக்குப் போனால் போதும். அங்கிருந்து லோணாவளா வரை 17 நிலையங்கள், சுமார் 64 கிலோமீட்டர்.

தடம் மிகப் பழையது. 1858 ஜூனில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே புனேயையும் கண்டாலாவையும் இணைத்தது. அதற்கு அப்பால் போர் காட் மலைச்சரிவு. 1863இல் மலைப்பாதை திறக்கும்வரை மும்பைப் பயணிகள் கண்டாலாவில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மலையிறங்கி, அடிவாரத்தில் அடுத்த வண்டி ஏறினார்கள். மலைப்பாதைக்காகப் பாறைகளை உடைத்த கூலித் தொழிலாளர்கள் காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடித்துக்கொடுத்தார்.

லோகல் வந்தது 1978இல். அதற்கு முன்பே தடத்தை ஒட்டி ஆலைகள் பெருகிவிட்டன. கட்கியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வெடிமருந்துத் தொழிற்சாலை, பிம்ப்ரியில் 1950களிலிருந்து ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸின் பென்சிலின் ஆலை, ஆகுர்டியில் பஜாஜ். காலை ஷிப்டுக்குப் போகும் கூட்டம் இந்த நிலையங்களில் இறங்கியதும் பெட்டி பாதி காலியாகிவிடும்.

தேஹு ரோடு எனக்கு நெருக்கமான நிலையம். ராணுவத் தளவாடக் கிடங்கு வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. நடைமேடை பெஞ்சில் பேரனுக்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தபடி ஒரு பாட்டி, "எட்டிப் பாக்காதடா, வண்டி வருது" என்று அதட்டுவார். அடுத்த நொடி பக்கத்தில் இருப்பவரிடம் சரளமாக மராத்தியில் பேசுவார். 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவியதும் இதே ஊரில்தான். நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவியது அதற்குச் சுமார் இரண்டாண்டுகளுக்குப் பிறகு. நாக்பூரை அறிந்த அளவுக்குத் தேஹு ரோட்டை நாம் அறியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

தளேகாவ் தாண்டினால் மாவள் வட்டாரம். 1779 ஜனவரியில் மராத்தியர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பணிந்து உடன்படிக்கை எழுதிக்கொடுத்த வட்காவ் இங்கேதான். காம்ஷேத்துக்கு முன்னும் பின்னும் வயல்கள். மணக்கும் இந்திராயணி அரிசி இந்த மண்ணின் பெருமை. கார்லா, பாஜா குகைகளுக்கு மளவ்லியில் இறங்க வேண்டும். அடுத்தது லோணாவளா, சிக்கி கடைகள்.

இத்தனை பேரைச் சுமக்கும் தடத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே பாதைகள். மும்பை எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் அதிலேயே ஓட வேண்டும். எக்ஸ்பிரஸ் வந்தால் லோகல் ஒதுங்கி நிற்கும். நண்பகலில் வண்டிக்கு வண்டி நீண்ட இடைவெளி என்பது பயணிகளின் பழைய குறை. காலைக் கல்லூரி முடித்துக் காம்ஷேத்துக்குத் திரும்பும் மாணவிக்கு அந்த இடைவெளி அரை நாள் இழப்பு.

மூன்றாவது, நான்காவது பாதைகளுக்கு மகாராஷ்டிர அமைச்சரவை 2025இல் ஒப்புதல் அளித்திருக்கிறது. மெட்ரோவுக்குக் காட்டிய வேகத்தை இதற்கும் காட்ட வேண்டும். விமான் நகரில் இருக்கும் நாமும் இந்தக் கோரிக்கையில் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.