மூன்று வாரத்தில் வெளுத்த முகம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வேதியியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதும் தூங்கிக்கொள்ளலாம்.

ஆண்களுக்கான கிரீம், சீரம் வகையறாக்களைப் பற்றியும், அவற்றை விற்கும் வேடிக்கை வீடியோக்களைப் பற்றியும் எழுதப்போகிறேன். "ரிட்டயர் ஆன சாருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரிப்பீர்கள். என் தங்கையின் பேரன் இரண்டு வருடமாக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்பது அவன் நிபந்தனை. உறவுக்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடுமே என்றேன். "தெரியட்டும் தாத்தா, அவங்களுக்குத்தான் தெரியணும்" என்றான்.

எங்கள் காலத்து ஆணின் ஒப்பனைப் பெட்டி சின்னது. பிளேடு, படிகாரக் கட்டி, தேங்காய் எண்ணெய், கல்யாணம் காட்சி என்றால் கொஞ்சம் பவுடர். (படிகாரம் ஏன் ரத்தத்தை நிறுத்துகிறது? அலுமினியம் அயனி ரத்தத்தில் உள்ள புரதத்தைத் திரள வைக்கிறது. மறந்தவர்கள் கை தூக்கவும்.) இவன் அலமாரியில் டிரிம்மர், தாடி எண்ணெய், ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன் எல்லாம் இருக்கின்றன. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆம்பளைக்கு எதுக்குடா இதெல்லாம் என்று கேட்கிற கூட்டத்தில் நான் சேரவில்லை.

அவன் அப்பா குவைத்தில். மீசை அரும்பிய வயதில் ரேசரைப் பிடிக்கச் சொல்லித்தர வீட்டில் ஆண் யாரும் இல்லை. போனில் ஒரு தம்பி சொல்லித்தந்திருக்கிறான். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். நல்ல வீடியோ. முதலில் வெந்நீர் ஒத்தடம், பிறகு முடி வளரும் திசையிலேயே மழித்தல், நடுநடுவே வடிவேலு பாணியில் முகபாவம். வயிறு வலிக்கச் சிரித்தேன். இத்தனை அக்கறையாகச் சொல்லித்தருகிறவனை ஒரு பையன் நம்பாமல் இருப்பானா? அதே தம்பிதான் ஆறு மாதம் கழித்து, அதே சிரிப்போடு ஒரு டியூபைக் கையில் எடுத்தான். ஏழே நாளில் முகம் பளிச்சென்று ஆகுமாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைக் காட்டினால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்த வீடியோவில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை.

டியூப் மருந்துக்கடையில் கிடைத்தது. சீட்டு கேட்கவில்லை. பூசினான். மூன்று வாரத்தில் நிஜமாகவே வெளுத்தான். என் வீட்டுக்காரம்மா கூட "முகம் தெளிஞ்சிருக்கே" என்றாள். செமஸ்டர் சமயத்தில் டியூப் தீர்ந்தது. நாலாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல், முகமெல்லாம் பரு. பகலில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறவே மறுத்தான்.

தில்லைநகரில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று பெயர்களைப் படித்தார்: ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின், மொமெட்டாசோன். முதல் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் கரைசலில் சேர்க்கிற அதே ஹைட்ரோகுயினோன். தோலில் அது நிறமி உருவாவதைத் தடுக்கிறது. மூன்றாவது ஸ்டீராய்டு. ரத்தக் குழாயைச் சுருக்குவதால் தோல் சில நாள் வெளுத்துத் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் சிவப்பும் பருவும் வரும். மங்கு போன்ற நோய்க்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து அது. "முகத்துல முடி கூட அதிகமா வளரும்" என்றார் டாக்டர். பையன் நிமிர்ந்தான். "தாடி இல்லப்பா, நெத்தியில" என்றார். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"எதுக்குப்பா பூசின?" என்று அவர் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் எனக்கும் புதிது. வயலூரில் நடந்த நம் வீட்டுக் கல்யாணத்தில், மேடையில் போட்டோவுக்கு நின்றபோது ஒருவர், "இவனை ஓரமா நிறுத்துங்க, போட்டோல பல்லு மட்டும்தான் தெரியும்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இவனும் சிரித்தானாம். சொன்னவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தோம். வீடியோவில் காட்டிய "முன்", "பின்" படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முன்: தலைக்கு மேலே டியூப்லைட், கலைந்த தலை, சோக முகம். பின்: ஜன்னலோர வெளிச்சம், மழித்த முகம், சிரிப்பு. அதே மாதிரி என்னை இரண்டு படம் எடுக்கச் சொன்னேன். ஒரு பொட்டு கிரீம் இல்லாமல் அரைமணி நேரத்தில் எனக்கு எட்டு வயது குறைந்தது. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று எத்தனை வருடம் போர்டில் எழுதிப்போட்டிருக்கிறேன்!

இது போனோடு வந்த வியாதியும் இல்லை. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியை அண்ணன் தம்பிகள் திருட்டுத்தனமாகப் பூசியது உங்களுக்கே தெரியும். 2005-ல் இமாமி ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்தது. ஷாருக்கான் விளம்பரத்தில் வந்தார். டெல்லியில் ஒருவர் 2013-ல் 79 ரூபாய்க்கு அதை வாங்கி, சொன்னபடி பூசியும் வெளுக்கவில்லை என்று வழக்குப் போட்டார். சத்தான உணவு, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்தால்தான் பலன் என்று நிறுவனம் வாதாடியது. அதை ஏன் டப்பாவில் போடவில்லை என்று கேட்டது மன்றம். 2024 டிசம்பரில் தீர்ப்பு: நுகர்வோர் நல நிதிக்கு 14.5 லட்சம், வழக்குப் போட்டவருக்கு 50,000 ரூபாய். அடுத்த மாதம் கிரீமின் பெயர் ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம் ஆனது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-லேயே க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது.

"நம்ம ஊர்ப் பெரிய பெருமாளே கருமேனிதானேடா" என்று ஆறுதல் சொல்லிப்பார்த்தேன். "அவரை யாரும் ஓரமா நிக்கச் சொல்லலையே தாத்தா" என்றான். அதற்குமேல் நான் என்ன பேச?

வீட்டில் பையன்கள் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி அவர்கள் அலமாரியில் இருக்கும் டியூப்களைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. பல வாரம் பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பையனைத் திட்ட வேண்டாம். ஏன் வாங்கினான் என்று மட்டும் கேளுங்கள்.

ஆவணியில் நம் வீட்டில் இன்னொரு கல்யாணம் வருகிறது. அவன் வருகிறான், போட்டோவுக்கு என் பக்கத்தில் நிற்பான். கன்னத்துச் சிவப்பு அதற்குள் முழுசாக மறையாது என்கிறார் டாக்டர். அதைப்பற்றி யாரும் அவனிடம் விசாரிக்க வேண்டாம்.