உண்மையோ பொய்யோ

மன்னார்குடி,
புதன்கிழமை

கயலு,

  

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் நீ போட்ட குரல் பதிவைக் கேட்டேன். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறதாம், ராத்திரி கதவைத் திறக்கக் கூடாதாம். பேசுவது யார், எந்த ஊர், என்றைக்கு நடந்தது, ஒன்றுமே இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "உண்மையோ பொய்யோ, உஷாரா இருந்தா நல்லதுதானே பெரியப்பா" என்றாய். அந்த வார்த்தைதான் மூன்று நாளாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது, கண்ணு.

2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்ததை மறந்துவிட்டாயா? குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன குடும்பம். வழியில் நின்ற இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார். அதற்கு முன்பு இதே மாதிரிச் செய்திகள்தான் போன் போனாகச் சுற்றின. அனுப்பியவர்கள் எல்லாரும் கொலைகாரர்களா? உன்னைப் போல உஷாராக இருக்கச் சொன்னவர்கள்தானே.

தாத்தா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். "எந்த ஊர்ல? போலீஸ் என்ன சொல்லுது?" என்று பாதியில் ஒரு குரல் குறுக்கே விழும். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட அப்படிக் கேட்பார். பேப்பரிலும் பொய் வரும்தான். ஆனால் நாலு பேர் முன்னால் அது தப்பிப்பது கஷ்டம். இப்போது ஆளுக்கொரு போனில் தனித்தனியே கேட்கிறோம். குறுக்கே கேட்க ஆளில்லை.

நாலு பேர் சேர்ந்து வாசிக்க இடம் இல்லாமலும் இல்லை. நம் மேலவாசலில்தான் 1931ல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வந்து தொடங்கிவைத்தார். 1948ல் நூலகச் சட்டமே வந்தது. இன்றைக்கும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம். கட்டுவதோடு சரி, நூலகத்துக்குள்ளே போவதில்லை. போன வாரம் போனேன். நாளிதழ் மேசையில் நாலு பெரியவர்கள். மற்றவர்கள் எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலை வேண்டுமே. ஆனால் மனப்பாடம் செய்யும் விடையை யார் சந்தேகப்படுவார்கள்?

நீ அப்படி வளர்ந்தவள் இல்லையே. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாவலை முடித்துவிட்டு, "நாற்பதாம் பக்கத்துல தங்கைக்குப் பன்னிரண்டு வயசு, நூறாம் பக்கத்துல பத்தாம், எப்படிப் பெரியப்பா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவள். நூறு பக்கம் பொறுமையாகப் படித்ததால் வந்த புத்தி அது. அரை நிமிஷப் பதிவு அதைத் தராது. அந்தப் பெண் எங்கே போனாள்?

பதிவை அழித்துவிட்டேன் என்று சொல்லி முடித்துவிடாதே. கேட்டவர்கள் கேட்டதுதான். "விசாரிக்காமல் போட்டுவிட்டேன், இதற்கு எந்த ஆதாரமும் இல்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று அதே குழுவில் எழுது. வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கடிதம் கையில் கிடைத்த அன்றே எழுதிவிடு, அம்மா.

உன்
பெரியப்பா