கிலோமீட்டருக்குப் பத்துக் காசு

"காசு வேணும்னா நேரா கேளும்மா, குடுக்கிறோம். அதுக்கு எதுக்கு நூறு கிலோமீட்டரு சைக்கிள் மிதிக்கணும்? இது என்ன வேண்டுதலா?"

பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்த அங்கிள் ஒருவர் கேட்டார். அது 2019. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த சிலரும் நானும் ஆளுக்கோர் அட்டையோடு தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் அலைந்துகொண்டிருந்தோம். பெயர், தொலைபேசி எண், கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று எழுத அட்டையில் மூன்று கட்டங்கள். பத்துக் காசு என்று எழுதினால் நாங்கள் நூறு கிலோமீட்டர் முடித்ததும் பத்து வெள்ளி தரவேண்டும். பாதியில் நின்றுவிட்டால் ஐந்துதான். ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்த பாலர் பள்ளிக்காக இந்த ஏற்பாடு. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பாதிப் பேரால் மாதக் கட்டணம் கட்ட முடியவில்லை. வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனது.

அங்கிளின் கேள்வி நியாயமானது. எனக்கும் அதே கேள்வி இருந்தது.

ஒரு காரணம் சட்டம். தெருவிலோ வீடு வீடாகவோ டின் குலுக்கிக் காசு வசூலிக்க இங்கே அனுமதி வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அறிமுகமானவர்களிடம் வாக்கு வாங்கிக்கொள்வது எங்களுக்குச் சுலபமாகப் பட்டது. ஆனால் நண்பர்கள் சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததற்கு அது காரணமில்லை. அவர்கள் மனத்தில் இருந்தவர் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா நாட்டு மாணவர். 1980-இல் செயற்கைக் காலோடு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மராத்தான் தூரம் என்று 143 நாள் ஓடினார். 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறுஆண்டு இறந்துபோனார், வயது இருபத்திரண்டு. நாட்டில் உள்ளவர்களிடம் அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர்.

ஆளுக்கு ஒரு வெள்ளி என்பது நமக்கும் பழகிய கணக்குதான். 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது அதைத்தான் கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடமும் நூலகமும் வேண்டும் என்பதற்காக. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். யாரும் எங்கேயும் ஓடவில்லை. கேட்டார், கொடுத்தார்கள். அங்கிள் சொன்னதும் அந்த வழியைத்தான்.

உடம்பை வருத்திக் காசு சேர்ப்பதும் நம்மிடம் இல்லாததல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாட்கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமடித்தவர்களின் சட்டையில் சனங்கள் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டார்கள். அது வயிற்றுப்பாடு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக்கு நீரிணையைப் போகவர நீந்தினார். பிறகு சைக்கிள், ஒற்றைக்கால், நடனம் என்று சாதனை மேல் சாதனை. 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டார். அது அவருக்குள் எரிந்த ஏதோ ஒன்று. பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறுவது வேண்டுதல். சாமிக்காக வருத்திக்கொண்டால் ஊருக்குப் புரிகிறது. பக்கத்து ஃபிளாட் பிள்ளைக்காக வருத்திக்கொண்டால்தான் விளக்கம் கேட்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பாடக்கட்டுரைக்காக 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், ஆர். எச். நாதன், அவருடைய கைது, நாடுகடத்தல், துருப்புகள், சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்கள் என்று அரைகுறையாகத் தெரிந்த கதைதான். கோரிக்கைப் பட்டியலை மட்டும் அதுவரை முழுதாக வாசித்ததில்லை. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பெண்களிடம் அத்துமீறக்கூடாது. மருத்துவ வசதி வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவற்றோடு இன்னும் இரண்டு. தொழிலாளர் பிள்ளைகளுக்கு முறையான கல்வி. துரைமார், கிராணிமார் கண்முன்னே சைக்கிளில் ஏறிப்போக அனுமதி.

அதுவரை துரை எதிரே வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளாக இருந்தாலும்.

நாங்கள் ஓட்டப்போனதைப் போராட்டம் என்று சொல்லமாட்டேன். தலைக்கவசம், உடம்பைப் பிடிக்கிற கால்சட்டை, இரண்டு பேருக்கு இரவல் சைக்கிள். பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் இதே கிள்ளானில், ஒரே தாளில், சைக்கிளும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தன. சைக்கிள் கோரிக்கை எப்படியோ நிறைவேறி, அப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிட்டோம். இன்னொன்று பாதியில் நிற்கிறது.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் ஏழு வயது முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. கூரை ஒழுகினாலும் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படித்தான் வந்தன. ஏழுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டாய். விடிவதற்கு முன்னால் பிரட்டுக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தொட்டில், ஒரே ஓர் ஆயா. படிப்பு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் பிள்ளைகள் ஒன்றாகக் கிடந்தார்கள், பாட்டும் சண்டையும் கதையும் இருந்தன என்று என் பாட்டி சொல்வார்.

தோட்டங்கள் விற்கப்பட்டு நாம் ஃபிளாட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடத்துக்காகக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. ஆயாக்கொட்டாய் போனதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் மாதக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் கைத்தொலைபேசியும்தான். 1996-இன் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2003-இல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பாலர் பள்ளி அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை.

இந்த வயதில் நடப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லாரும் காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வை. 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். 58 பேருக்குப் பாலர் பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்ததில், படித்தவர்களிடம் வருமானம் கூடுதலாகவும் கைதுகள் குறைவாகவும் இருந்தன. சிறிய ஆய்வு, செலவு பிடித்த பள்ளி. அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அங்கே ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அம்மாக்களோடு உட்கார்ந்தார்கள். எங்கள் பாலர் பள்ளி டீச்சர் எந்த ஆய்வையும் படிக்காமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சாயங்காலம் படியேறிப் போய், "பென்சில் பிடிக்கவே மாட்டேங்கிறான், வீட்ல என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்பார்.

அவர் எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எம் பிள்ளைங்கள ரோட்டோரமா கொடி புடிச்சு நிக்க வைக்காதீங்க. போட்டோவும் வேணாம்." குழுவில் சிலருக்கு வருத்தம். படம் இல்லாமல் முகநூலில் என்ன போடுவது? ஏழைப் பிள்ளையின் முகம் இருந்தால்தான் காசு வரும் என்று ஒரு தம்பி வெளிப்படையாகவே சொன்னான். அவன் சொன்னது உண்மை என்பதுதான் தொந்தரவு. டீச்சர் அசையவில்லை. "நாளைக்கு அவன் பெரியவனாகி அந்தப் படத்தைப் பாப்பான் இல்ல?" என்றார். கடைசியில் எங்கள் முகங்களையும் சைக்கிள் சங்கிலி மையையும்தான் படம்பிடித்துப் போட்டோம். அப்படிப் போட்டதில் ஒரு கூச்சம் இருந்தது. நாங்கள்தான் கதாநாயகர்கள் போலத் தெரிந்தோம்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியற்காலை பண்டமாரானில் கிளம்பி, பந்திங் சாலையில் கண்டெய்னர் லோரிகளுக்குப் பயந்து ஓரமாகவே மிதித்து, தெலுக் பங்லிமா காராங் தாண்டி, பாலமேறிக் கேரித் தீவு. செம்பனைக் காட்டுக்குள் வெயில் தெரியாது. திரும்பி வந்து மறுபடியும் போகவேண்டும். இரண்டாவது முறை பாலம் ஏறும்போது என் தொடை இறுகிவிட்டது. தீவில் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் ஒரு பாட்டி, "எந்தக் கோயிலுக்குக் கண்ணு?" என்று கேட்டார். பாலர் பள்ளிக்கு என்றேன். "ஆயாக்கொட்டாய்க்கா?" என்றார். ஆமாம் பாட்டி என்று சொல்லிவிட்டேன். சுருக்குப்பையிலிருந்து ஐந்து வெள்ளியை எடுத்தார். அட்டை, கிலோமீட்டர், காசு எதுவும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கையைப் பிடித்துத் திணித்துவிட்டார்.

உண்மையான நெடுந்தூரம் அதற்குப் பிறகுதான். வாக்குக் கொடுத்தவர்களிடம் காசு வாங்க மூன்று மாதம் ஆனது. சிலர் போன் எடுக்கவில்லை. சிலர் "அடுத்த சம்பளம்மா" என்றார்கள். அவர்களில் பலர் சொன்னபடியே கொடுத்தார்கள். ஒருவர், நூறு கிலோமீட்டர் ஓட்டியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கைத்தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, 98.6-தான் இருக்கிறது என்று அதற்குத் தக்கபடி சில்லறையாக எண்ணிக் கொடுத்தார்.

சேர்ந்த காசில் எட்டு மாத வாடகை அடைந்தது. மிச்சத்துக்கு நாங்கள் கணினி வாங்கலாம் என்றோம். டீச்சர் கழிப்பறைக் கதவை மாற்றச் சொன்னார். பழைய கதவின் தாழ்ப்பாள் ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.