நடுவில் இருக்கும் ரப்பர்

சம்பந்திகள் இருவருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துக் கோபத்தையும் தாமே வாங்கிக்கொண்டு, கல்யாணத்தை நடத்தி வைக்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் இருப்பார். கல்யாணப் போட்டோவில் அவர் முகம் இராது. ஆனால் அவர் இல்லாவிட்டால் முகூர்த்தமே நடந்திராது. மோட்டார் வண்டியில் அந்த மாமாவின் ஸ்தானத்தை வகிப்பது, 'புஷ்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு சின்ன ரப்பர் உருளை.

காரின் முன் சக்கரத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புக் கைகள் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு 'ஆர்ம்' என்று பெயர். சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது இந்தக் கைகள் கதவைப் போல அசைய வேண்டும். கதவுக்குக் கீல் எங்கேயோ, அங்கே இந்தப் புஷ் இருக்கிறது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். கை அசையும்போது ரப்பர் சற்றே முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். சாலையின் அதிர்ச்சியில் ஒரு பங்கையும் சத்தம் போடாமல் விழுங்கிவிடும். இது கிழடு தட்டிப்போனால், பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயர் ஓரமாகத் தேயும்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு வந்தது என் அண்ணனின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரினால். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னையிலேயே தயாரான வண்டி அது. உருவம் வகுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன் மூடியை முகப்போடு சேர்த்து அப்படியே தூக்கிவிடலாம். பிறகு டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

அவர் காலமான பிறகு வண்டி பிள்ளையின் கைக்கு வந்தது. பிள்ளைக்கு வேகத்தில் பிரியம். 948 சி.சி. என்ஜின் போய், ஆர்.டி.ஓ. அனுமதியோடு பெரிய என்ஜின் வந்தது. ஸ்பிரிங் குட்டையாயிற்று. டயர் அகலமாயிற்று. மிச்சம் இருந்தது புஷ்.

"ரப்பரே வேண்டாம், சித்தப்பா. எல்லாம் பாலியூரித்தேன் போட்டுடலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலே வளைவு எடுக்கும்போது சக்கரம் இம்மியும் நகரக்கூடாது" என்றான்.

பாலியூரித்தேன் கெட்டியானது. கடினத்தை அளக்கும் ஷோர் ஏ கணக்கில் ரப்பர் சுமார் 60 என்றால், இது 80-லிருந்து 95 வரை போகும். எண்ணெய் பட்டாலும் ரப்பரைப் போலச் சீக்கிரம் ஊறிக் கெடாது. ஆனால் இது முறுக்கிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் குழாய்தான் வழுக்கிச் சுற்றவேண்டும். அதற்குரிய கிரீஸ் காய்ந்துபோனால் பழங்காலத்து ஊஞ்சலைப் போலக் கிறீச்சிடும். சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு எடுத்துச் சொல்லும்.

முதுகு என்றதும் அண்ணி நினைவுக்கு வந்தாள். இரண்டு வருஷங்களுக்கு முன் அவளுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. அண்ணனின் திதிக்குச் செய்யாறு பக்கத்தில் உள்ள ஊருக்குப் போகவேண்டும். சுமார் 100 கிலோமீட்டர். வாடகைக் கார் வைத்துவிடலாம் என்றான் பையன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அவன் போனபிறகு என்னிடம் சொன்னாள்:

"குழி வந்தா உங்க அண்ணன் முன்கூட்டியே சொல்லிடுவாரு, தம்பி. நான் டேஷ்போர்டைப் பிடிச்சுக்குவேன். முதுகு நல்லா இருந்த காலத்துலேயே அப்படி."

மறுநாள் பையனிடம், "வருஷத்தில் எத்தனை நாள் டிராக்குக்குப் போவாய்?" என்று கேட்டேன்.

"நாலு நாள்."

"மற்ற நாளெல்லாம் ஊர்ச் சாலைதானே?"

"அந்த நாலு நாளிலேதான் உயிர் போற விஷயம், சித்தப்பா. வளைவிலே சக்கரம் நழுவினா அம்மாவுக்கு யார் இருக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அகலமான டயர் தரையைப் பலமாகப் பற்றுவதால், வளைவில் புஷ்ஷின்மேல் விழும் பாரமும் அதிகம். அவன் கெட்டியைக் கேட்டதும் அம்மாவுக்காகத்தான்.

மேஸ்திரியோடு மூவருமாகப் புதுப்பேட்டைக்குப் போனோம். ஒரு கடையில் பழுப்பேறிய பொட்டலத்தை நீட்டி, "ஒரிஜினல் சார், பிரிக்கவே இல்லை" என்றார்கள். மேஸ்திரி ரப்பரை நகத்தால் அழுத்தி லேசாக வளைத்தார். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன.

"பிரிக்காட்டி என்ன சார்? ரப்பருக்கு அலமாரியிலேயும் வயசாகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வழக்கைத் தீர்த்து வைத்தவரும் அவரே. "ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் கீழ் ஆர்ம்மேல உக்காந்திருக்கு. பிரேக் போட்டாலும் வளைவு எடுத்தாலும் அதுதான் அதிகம் தாங்குது. அதுக்குப் பாலியூரித்தேன், அதுவும் 80 போதும், 95 வேண்டாம். மேல் ஆர்முக்குப் புது ரப்பர். ஷாக் அப்சார்பர் முனையிலே இருக்கற ரப்பரைத் தொடவே தொடாதீங்க தம்பி" என்றார்.

பையன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சரி" என்றான்.

மாட்டும் நாளில் வேடிக்கை ஒன்று நடந்தது. சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போது ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிவிடக் கூடாதாம். அப்படி இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணம் முதல் ரப்பர் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழிந்துபோகும். வண்டி தன் இயல்பான பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். குட்டை ஸ்பிரிங் போட்ட வண்டிக்கு, அந்தப் புதிய உயரத்தில்தான்.

"ஆளுங்க உக்காந்தா நல்லது" என்றார் மேஸ்திரி. அண்ணி முன்னாலும் நான் பின்னாலும் பாரமாக உட்கார்ந்தோம். அவள் அசையாமல், போட்டோ எடுப்பதுபோல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் ஸ்பானரோடு கீழே குனிந்து, அம்மாவின் கனத்தில் ரப்பரை நிலைப்படுத்தி இறுக்கினான். பிறகு சக்கரங்களின் கோணம் பார்த்துச் சரிசெய்தோம்.

திதிக்கு முதல் நாள் விடியற்காலை புறப்பட்டோம். ஸ்டியரிங்கில் முன்னைவிடச் சிறிது அதிர்வு இருப்பதாகப் பையன் சொன்னான். பின்சீட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துச் சாலையில் திரும்பியதும், மழையில் அரித்துப்போன ஒரு பள்ளம் தென்பட்டது. அண்ணி சொன்னதை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பா ஓட்டும்போது பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருப்பான் போலும். வேகத்தைக் குறைத்து, "குழி வருதும்மா" என்றான்.

அண்ணி கையை நீட்டி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள்.