பத்தாவது கேள்வி

2011 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்கு சென்சஸ் எடுக்க ஒரு டீச்சர் வந்தார். கையில் பெரிய பாரம், தோளில் பை, மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு. மோர் கொடுத்தோம். பெயர், வயசு, மதம் என்று மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவர், பத்தாவது கேள்வியில் தலைநிமிராமல், "தாய்மொழி தமிழ்தானே சார்?" என்றார்.

"ஆமா மேடம்."

வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அப்போ இத்தனை வருஷமா நான் உங்கிட்ட பேசினது என்னடா?"

கேட்டது சௌராஷ்டிரத்தில். "விடும்மா, அதுல என்ன இருக்கு?" என்று நான் சொன்னதும் சௌராஷ்டிரத்தில்தான்.

என்ன இருக்கிறது என்று பிற்பாடுதான் தேடிப் பார்த்தேன்.

மதுரை மகால் பக்கத்துச் சந்துகளில் வளர்ந்தவர்களுக்கு எங்கள் மொழி தெரிந்திருக்கும். குஜராத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கிளம்பி, வழியெல்லாம் மராத்தியையும் தெலுங்கையும் கன்னடத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்த நெசவாளர் மொழி. வீட்டுக்குள் அது, வாசல்படி தாண்டினால் தமிழ். சுத்தமான தமிழ் உச்சரிப்புக்கு ஊரே உதாரணம் காட்டிய டி.எம்.சௌந்தரராஜன் வீட்டில் பேசியது இதுதான். 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய எம்.வி.வெங்கட்ராமுக்கும் இதுதான்.

2011 சென்சஸ் கணக்குப்படி சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். (எங்கள் வீட்டைச் சேர்க்காமல்.) ஆனால், இதைத் தனி மொழியாகத் தேடினால் பட்டியலில் கிடைக்காது. குஜராத்தி என்ற தலைப்பின் கீழே உள்வரியாக இருக்கிறது. அம்மாவுக்கு குஜராத்தியில் ஒரு வாக்கியம் புரியாது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு கோபம் பாக்கி இருந்தது.

ஆபீஸில் பீகார்க்கார நண்பர் ஒருவர் இருந்தார். போனில் அம்மாவிடம் நான் 'பானி' என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "உனக்கு இந்தி தெரியுமா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்று கட்டிப்பிடிக்காத குறை. எங்களுக்கும் தண்ணீர் 'பானி'தான் என்று விளக்குவதற்குள் சாப்பாட்டு வேளை முடிந்துவிட்டது. அவர் அம்மா பேசுவது போஜ்புரி. 2011-ல் அதைப் பேசியவர்கள் 5 கோடிக்கு மேல். அதுவும் பட்டியலில் தனியாக இல்லை, இந்திக்குள் அடக்கம். இந்தி பேசுவோர் 52 கோடி என்கிற கணக்கில் இப்படிப் பல அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அந்த சென்சஸில் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. ஊர்ப் பெயர், ஜாதிப் பெயர், எழுத்துப் பிழை எல்லாவற்றையும் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, அவற்றைத் தொகுத்து 121 மொழிகள் என்று அச்சடித்தார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியாகக் காட்டுவதில்லை என்பது 1971-லிருந்து வழக்கம். நீலகிரியில் தோடர்களும் கோத்தர்களும் பேசும் மொழிகள் இப்படித்தான் 'மற்றவை'யில் போய் விழுகின்றன. இதைப் படித்துவிட்டு டெல்லியைத் திட்ட ஆரம்பித்தேன். பிறகு தமிழ் என்ற தலைப்பின் கீழே என்ன இருக்கிறதென்று பார்த்தேன். இருளர் மொழி இருக்கிறது. எருகுலா இருக்கிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

முதலில் இந்த வேலையில் இறங்கியவர் ஜார்ஜ் கிரியர்சன் என்ற அயர்லாந்துக்காரர். பீகாரில் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்தவர். 1894-ல் ஆரம்பித்தது, 1928-ல்தான் முடிந்தது. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு ஊர் அதிகாரிக்கும் அனுப்பி, உங்கள் ஊர் மொழியில் பெயர்த்து அனுப்புங்கள் என்றார். ஊதாரிப் பையன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிற கதை. 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்று கணக்கு முடித்தார். சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் அந்த சர்வேயில் சேரவில்லை. ஆனாலும் எங்கள் மொழியை விடவில்லை. 'பட்னூலி' என்று பெயரிட்டு குஜராத்தி தொகுதியில் சேர்த்துவிட்டார். ஆக, எங்கள் முகவரி மாறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

2010-ல் பரோடாவைச் சேர்ந்த கணேஷ் தேவி, ஆங்கிலப் பேராசிரியர் வேலையை எப்போதோ உதறியவர், அரசாங்கம் செய்யாவிட்டால் என்ன என்று மக்களை வைத்தே ஒரு மொழி சர்வே ஆரம்பித்தார். சுமார் மூவாயிரம் பேர் கூட உழைத்தார்கள். 780 மொழிகள் தேறின. அதே 2010 ஜனவரியில்தான் அந்தமானில் போவா என்ற மூதாட்டி இறந்துபோனார். 'போ' மொழி பேசிய கடைசி ஆள். அவரிடம் அந்த மொழியைப் பதிவு செய்தவர் அன்விதா அப்பி என்ற மொழியியல் பேராசிரியை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் போவா பறவைகளிடம் பேசிக்கொண்டிருப்பார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

லட்சக்கணக்கில் ஆள் இருக்கிற எங்களுக்கு அந்த நிலைமை வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்சஸ் விதியைப் படிக்கும்வரை. தாய்மொழி என்றால் சின்ன வயதில் தாய் உன்னிடம் பேசிய மொழி. தாய் சின்ன வயதிலேயே தவறியிருந்தால், வீட்டில் பேசிய மொழி. அப்பா பேசிய மொழிக்கு அங்கே இடமில்லை. என் மனைவி தஞ்சாவூர்க்காரி, வீட்டில் தமிழ். என் மகளுக்குத் தாய்மொழி தமிழ் என்று டீச்சர் எழுதியது சட்டப்படி ரொம்ப சரி. தப்பு என் வரியிலும் அம்மாவின் வரியிலும் மட்டும்தான். ஆனால் இந்தக் கோடு நின்றுபோவது என்னிடத்தில். மகளிடம் சௌராஷ்டிரத்தில் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்கூலுக்குத் தமிழும் இங்கிலீஷும் போதாதா என்று இருந்துவிட்டேன்.

2008-லேயே யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்து ஏறிவிட்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

2021-ல் வந்திருக்க வேண்டிய சென்சஸ் தள்ளித் தள்ளிப் போய், 2027-ல் என்று 2025-ல் அறிவித்தார்கள். இந்த முறை தயாராக இருக்கிறேன். ஆனால் அம்மாவின் வரியைத் திருத்த முடியாது. 2016-ல் போய்விட்டாள்.

அவள் குரல் பழைய செல்போனில் பதினோரு நிமிஷம் இருக்கிறது. பால்காரன் தண்ணீர் கலப்பதைப் பற்றி யாரையோ உட்காரவைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் மகள் அதைக் கேட்டுவிட்டு, "பாட்டி என்னப்பா சொல்றாங்க?" என்றாள். வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் ஒரு சொல் எனக்கே பிடிபடவில்லை. மதுரையில் சித்திக்கு போன் போட்டு, அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டேன்.

"இதுக்கு என்ன அர்த்தம் சித்தி?"

சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மொதல்லேருந்து போடு" என்றாள்.