விற்ற காரும் விடாத பொறுப்பும்





வீட்டில் ஓடிய பழைய காரை விற்பது இன்று நம் குடும்பங்களில் சாதாரணமாக நடக்கும் காரியமாகிவிட்டது. விலை பேசுகிறோம், முன்பணம் பெறுகிறோம், சாவியை ஒப்படைக்கிறோம், "அல்ஹம்துலில்லாஹ்" என்று கூறி அத்துடன் பொறுப்பு முடிந்ததாக எண்ணுகிறோம். ஆனால், வாங்க வந்தவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வேளை முதல் ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் ஏறும் நாள் வரை, அந்தக் கார் யாருடைய பொறுப்பில் சாலையில் ஓடுகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் சிந்திப்பதில்லை. இது வெறும் பணத்தைப் பற்றிய கேள்வியன்று. ஹக்குல் இபாத் எனப்படும் அடியார்களின் உரிமையைப் பற்றிய கேள்வி.

மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. விற்பனைக்கு நிறுத்தப்பட்ட கார் என்பதற்காக அதில் எந்தச் சலுகையும் இல்லை. "எப்படியும் விற்கத்தானே போகிறோம், இன்சூரன்ஸை எதற்குப் புதுப்பிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பதுண்டு. தெருமுனை வரை ஓட்டிக் காட்டுவதற்கும் காப்பீடு நடப்பில் இருந்தாக வேண்டும். இல்லையேல் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். அபராதம் சிறிய விஷயம். அந்தத் தெருமுனையில் ஒருவர் அடிபட்டுவிட்டால் அவருக்குரிய இழப்பீட்டை எங்கிருந்து கொடுப்போம் என்பதே பெரிய விஷயம்.

ஓட்டிப் பார்க்க வருபவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதும் விற்பவரின் கடமை. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் செலுத்தினாலும், பின்னர் அதனை உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு.

விற்பனை முடிந்த பின் என்ன ஆகிறது? உரிமை மாறும் நாளிலிருந்தே மூன்றாம் தரப்புக் காப்பீடு வாங்கியவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும் என்று அச்சட்டத்தின் 157-ஆம் பிரிவு கூறுகிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தத் தானாக மாறும் பாதுகாப்பு பிறருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டுமே உரியது. காருக்கே நேரும் சேதத்திற்கான காப்பீடு அவ்வாறு மாறுவதில்லை. நிறுவனம் ஏற்றுக்கொண்டு பெயரை மாற்றினால்தான் உண்டு. "முழுக் காப்பீடு இருக்கிறது" என்ற சொல்லை நம்பி வாங்குபவரிடம் இதனை எடுத்துச் சொல்வது நம் நேர்மையைச் சேர்ந்தது.

அடுத்தது பதிவு. விற்றவர் படிவம் 29 வழியாக 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குத் தகவல் தர வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 30 அளிக்கப்பட வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். கார் பல கைகள் மாறியிருந்தாலும், பெயர் மாற்றப்படாத வரை பதிவு பெற்ற உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. காப்பீடு காலாவதியான நிலையில் வாங்கியவர் விபத்து ஏற்படுத்தினால், என்றோ விற்றுவிட்டவரின் வீட்டுக்கே நோட்டீஸ் வரும்.

"ஈஜாபும் கபூலும் நிறைவேறி, பொருளும் கைமாறிய பின் வியாபாரம் முடிந்துவிட்டதே! பிறகு நமக்கென்ன பொறுப்பு?" என்று மார்க்கம் அறிந்த சிலரே கேட்கக்கூடும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் அது சரிதான். ஆனால் சாலையில் அடிபட்டவர் அந்த ஒப்பந்தத்தில் சாட்சியாக நிற்கவில்லை. தவறுதலாக நேர்ந்த மரணத்திற்கும் இறந்தவரின் குடும்பத்திற்குத் தியத் கொடுக்க வேண்டும் என்று ஸூரத்துந் நிஸா 92-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எண்ணம் தூய்மையாக இருந்தாலும் இழந்தவரின் உரிமை இல்லாமல் போவதில்லை என்பதை அவ்வசனம் நமக்கு உணர்த்துகிறது.

வணிகக் காப்பீட்டில் வட்டியும் கரர் எனப்படும் நிச்சயமின்மையும் கலந்திருப்பது குறித்து ஆலிம்களிடையே நீண்ட கருத்தாடல் உண்டு. சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்பீட்டை நிர்ப்பந்தம் கருதி அவர்களில் பலர் அனுமதித்துள்ளனர்.

எங்கள் குடும்பக் காரை விற்றபோது, வாங்க முன்வந்தவர் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தம்பி. ஓட்டிப் பார்க்கும் முன் உரிமத்தைக் காட்டுமாறு கேட்டோம். அவர் முகம் வாடியது. "ஒரே பள்ளியில் தொழுகிறோம், என் மீது நம்பிக்கை இல்லையா காக்கா?" என்றார். இடையில் நின்ற தரகரோ, படிவங்களில் தேதியும் பெயரும் எழுதாமல் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுத்தால் போதும் என்றார். நாங்கள் அதற்கு இணங்கவில்லை. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும், அது ஈமான் கொண்டவர்களை அழைத்தே பேசுகிறது என்பதையும் அந்தத் தம்பிக்கு நினைவூட்டினோம். எழுத்து சந்தேகத்தின் அடையாளமன்று. சகோதரத்துவத்திற்கு இடும் வேலி. அவர் சற்று யோசித்துவிட்டு உரிமத்தை எடுத்துக் காட்டினார். ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அதே வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்கும் ஒன்றாகவே சென்றோம்.

வெற்றுப் படிவத்தில் இடும் கையொப்பம், நமக்குத் தெரியாத ஒருவரிடம் நம் பெயரையே ஒப்படைப்பதாகும். கார் எத்தனை கைகள் மாறினாலும் பதிவேட்டில் நம் பெயர் அப்படியே நிற்கும். பழைய கார்களை வாங்கி விற்கும் கடைக்குக் கொடுப்பவர்கள், அது அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்று விசாரித்து, படிவம் 29சி வழியாக ஒப்படைப்பைப் பதிவு செய்துகொள்வது நல்லது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, அவ்வாறு பதிவான பின் அந்த நிறுவனமே உரிமையாளராகக் கருதப்படும்.

இன்னொன்றும் உண்டு. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் 20 முதல் 50 விழுக்காடு வரையிலான பிரீமியத் தள்ளுபடி மனிதருக்குரியது, காருக்குரியதன்று. விற்றவர் அதற்கான சான்றிதழைப் பெற்றுத் தம் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். வாங்கியவர் அதனைத் தம்முடையதாக அனுபவிப்பது முறையாகாது. வித்தியாசத் தொகையைச் செலுத்தியே பெயரை மாற்ற வேண்டும். தொகை சிறியதாயினும், உரிமையில்லாத ஒன்று நம் பொருளுடன் கலந்தால் பரக்கத் போய்விடும்.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். காரின் பழைய விபத்தையும் பழுதையும் மறைக்காமல் சொல்வதைப் போலவே, அதன் காப்பீடு எந்த நாளில் முடிகிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்வோம். வழியில் நடந்து செல்லும் முகமறியாத மனிதரின் உரிமையும் நம்மிடம் உள்ள அமானிதமே.

நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்கும் நிலையிலிருந்து வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.